உதிரும் இலையும் அடங்கிய வண்ணமும்

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் வாழ்வோர்க்கு இலையுதிர் காலம் என்பது பெரும்பாலும் ஏட்டிலும் படத்திலும் கண்ட காலமே ஆகும். தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளிலும் அப்பெயருடைய பொழுது ஒன்றில்லை. கூதிர் உண்டு, முன்பனி, பின்பனி உண்டு, இலை உதிர்வதைக் கொண்டே ஒரு பருவத்திற்குப் பெயரிடும் தேவை தமிழ் நிலத்தில் எழவில்லை. மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களில் மட்டும், ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்த திங்கள்களில், மரங்கள் இலை பழுத்துச் செம்மை படர்ந்து உதிர்வதைக் காணலாம். பால் குறையும் காலம் என்றே தோட்டத்து மக்கள் அதனை அறிவர். வருவாய் சுருங்கும் காலத்தை அழகிய காலம் என்று நின்று பார்த்தவர் மிகச் சிலரே.

ஆகவே, இலையுதிர் காலம் என்ற அளவில் இங்குள்ளோர் மனக்கண்முன் எழுவது நாட்காட்டிப் படமே. மேலே மாசற்ற நீல வானம். அதன்கீழ் தீப்பற்றி எரிவன போன்ற மரங்கள். நடுவே ஓர் ஏரி, அல்லது வெள்ளையடித்த தேவாலயம். இந்நாளில் விடுமுறைக்குக் கொரியாவிற்கும் ஜப்பானுக்கும் சென்று வருவோர் கைப்பேசியில் எடுத்துவரும் படங்களும் இவ்வகையினவே. பல கைப்பேசிகள் எடுப்பவர் கேளாமலேயே செம்மையைக் கூட்டியும் நீலத்தை அழுத்தியும் தருகின்றன. எடுத்தவரே பின்னொரு நாள் படத்தைப் பார்த்து, ‘இவ்வளவு சிவப்பாகவா இருந்தது?’ என்று ஐயுறுகிறார். சில திங்கள் சென்றபின் அந்த ஐயமும் நீங்கிவிடுகிறது. கண்ட காட்சி மறைந்து படமே நினைவாகி விடுகிறது. அழகுக்காகச் சற்றுக் கூட்டினால் என்ன குறை என்பாரை நோக்கி, இந்தக் குறையையே முதலில் எடுத்துக் காட்ட வேண்டும்.

பள்ளியில் இயற்கை வருணனைக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்நோய் புதியதன்று. வானளாவிய என்பர், கண்ணைக் கவரும் என்பர், உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும் என்பர். அடைமொழிகள் மூன்று வரிசையாக வந்து நிற்கும். என்ன மரம் என்பது மட்டும் கட்டுரையில் எங்கும் இராது. நாட்காட்டிப் படமும் அத்தகைய கட்டுரையே. அதில் நிறம் உண்டு, மரம் இல்லை.

இதற்கு மாறான நெறியொன்றை வண்ண நிழற்படக் கலையில் வகுத்துக்கொண்டு, நெடுங்காலம் அதனைக் கடைப்பிடித்தவர் அமெரிக்கராகிய எலியட் போர்ட்டர். அவருடைய இலையுதிர்காலப் படங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றில் அடக்கம் எவ்வாறு அமைந்தது, அவ்வடக்கம் எதனைக் காட்டிற்று, எதனை மறைத்தது என்று நோக்குவது பயனுடையது.

மருத்துவம் கற்றவர்

போர்ட்டர் 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் வின்னெட்கா என்னும் ஊரில் பிறந்தவர். ஓவியர் பேர்பீல்ட் போர்ட்டர் அவருடைய தம்பி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் பின்னர் மருத்துவமும் கற்று, 1929இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பாராமல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் கற்பித்தார். படம் எடுப்பது அப்போது பொழுதுபோக்கே. நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், இவர் கொண்டுசென்ற படங்களை முதலில் ஏற்கவில்லை. மேலும் உழைக்குமாறு கூறி அனுப்பினார். ஆண்டுகள் சில கழித்து, 1938ஆம் ஆண்டின் இறுதியில், அதே ஸ்டீக்லிட்ஸ் தம் கூடத்தில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே போர்ட்டர் ஹார்வர்டை விட்டு நீங்கினார்.

வண்ணத்திற்கு அவர் வந்த வழி வேடிக்கையானது. அழகை நாடி அவர் வண்ணத்தைக் கைக்கொள்ளவில்லை. பறவைகளைப் படம்பிடித்து நூலாக்க விரும்பினார். கறுப்பு வெள்ளையில் பறவையினத்தைப் பிரித்தறிதல் அரிது, நிறம் வேண்டும் என்று பதிப்பாளர் தரப்பில் கூறப்பட்டது. அதன்பின்னரே வண்ணப்படம் எடுக்கும் முறைகளைப் பயின்றார். அவருக்கு நிறம் முதற்கண் ஒரு சான்று; இன்ன பறவை இன்ன நிறம் என்று அறிவிக்கும் சான்று. சான்றைத் திரித்தல் ஆய்வாளர்க்கு அடாது. பின்னாளில் இலையை நோக்கித் தம் கருவியைத் திருப்பிய காலத்திலும் இந்தப் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

அந்நாளில் கலையுலகில் வண்ணப்படத்திற்கு மதிப்பில்லை. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் பழந்தமிழர் புனையா ஓவியம் என்று வழங்கினர். அமெரிக்க நிழற்படக் கலைஞருட் பெரியோர் பலர் அக்காலத்தில் புனையா ஓவியத்தின் பக்கமே நின்றனர் எனலாம். வண்ணம் விளம்பரத்திற்கு உரியது; கலைக்கு உரியதன்று என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கைக்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை. நியூயார்க்கின் பெரிய புகைவண்டி நிலையத்தில் 1950ஆம் ஆண்டு முதல் நாற்பது ஆண்டுகள் கோடாக் நிறுவனம் 18 அடி உயரமும் 60 அடி நீளமும் உடைய ஒளியூட்டிய வண்ணப் படங்களை மாற்றி மாற்றி வைத்து வந்தது. வண்ணப் படலம் வாங்குமாறு வழிப்போக்கரை அழைத்த விளம்பரம் அது. அதற்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்களுள், கறுப்பு வெள்ளைப் படக்கலையின் பெருந்தலைவராகிய ஆன்சல் ஆடம்ஸும் ஒருவர் என்பது கருதத்தக்கது. பிழைப்பிற்கு வண்ணம், கலைக்குக் கறுப்பு வெள்ளை என்ற பாகுபாடு அவ்வளவு உறுதியாக நிலவியது. வாக்கர் எவன்ஸ் 1969இல் வண்ணப்படத்தை இழிந்த சுவையுடையது என்றே எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து உடனடி வண்ணப்படக் கருவியொன்று கைக்கு வந்ததும் அவரே ஆர்வத்தோடு வண்ணத்தில் எடுக்கத் தொடங்கியது வேறு கதை.

வெயில் இல்லாத நேரம்

இலை ஏன் சிவக்கிறது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். பகற்பொழுது குறையக் குறைய, இலையில் பச்சையம் உண்டாவது நின்று, இருப்பதும் சிதைகிறது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகள் கோடை முழுதும் இலைக்குள் இருந்தவையே. பச்சை விலகியதும் அவை வெளிப்படுகின்றன. செம்மை அப்படியன்று. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அப்பருவத்தில் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத அளவு குளிரும் இருந்தால் அது மிகும். பிர்ச் மரம் மஞ்சளாவதும், செம்மேப்பிள் குருதிநிறம் கொள்வதும், ஓக் மரம் எல்லாவற்றுக்கும் பின்னே மெல்லச் சிவப்பதும் இவ்வாறே.

வெயில் நிறத்தை உண்டாக்குகிறது. ஆயின் நிறத்தைப் படம்பிடிக்க வெயில் பெரும்பாலும் பகையாகிறது. இலையின் மேற்பரப்பு மெழுகுப் பூச்சுடையது. நேர் வெயில் அதன்மேல் பட்டால் வெண்மையாகத் தெறிக்கும். தெறித்த இடத்தில் இலையின் நிறம் தோன்றாது. நிழல் விழுந்த இடமோ முழுக் கருமையாகிவிடும். வண்ணப் படலம் தாங்கக்கூடிய ஒளி வேற்றுமை கறுப்பு வெள்ளைப் படலம் தாங்குவதினும் மிகக் குறைவு என்பதையும் இங்கே கருத வேண்டும். மேகம் மூடிய வேளையிலோ, மலைநிழலிலோ ஒளி எத்திசையிலிருந்தும் மெல்லப் பரவி வருகிறது. தெறிப்பு இல்லை, கருநிழலும் இல்லை. மழையில் நனைந்த இலையில் நிறம் இன்னும் ஆழ்ந்து தோன்றும். மற்றவர் கருவியை மூடி வைக்கும் வேளையில் போர்ட்டர் முக்காலியை நட்டு, 4 அங்குலத்திற்கு 5 அங்குலப் படலம் கொண்ட பெருங்கருவியைப் பொருத்தினார்.

அவர் நிறத்தை வெறுத்தார் என்று இதனாற் கொள்ளலாகாது. அடக்கம் என்றால் வெளுக்கச் செய்வது என்று எண்ணுவோர் உண்டு. மங்கலாக எடுத்துவிட்டு, நயம் என்று பெயரிடுவோரும் உண்டு. போர்ட்டர் படங்களில் செம்மை நல்ல செம்மையே. அது எவ்வளவு இடத்தில் நிற்கிறது, எதன் அருகே நிற்கிறது என்பதில்தான் அவருடைய அளவறிதல் காணப்படுகிறது. ஒரு நிறம் அண்டை நிறத்தால் மாறித் தோன்றும் என்பதைப் பிரான்சு நாட்டில் கம்பளச் சாயச்சாலையில் பணியாற்றிய செவ்ரேல் என்னும் வேதியியலார் 1839இலேயே நூலாக எழுதி விளக்கினார். சாம்பல் நிறத்திடையே நிற்கும் ஒரு சிவப்பிலை, சிவப்பிலைகள் ஆயிரத்தின் நடுவே நிற்கும் ஒன்றைவிடச் சிவந்து தோன்றும். ஆயிரத்தையும் ஒருங்கே காட்டும் நாட்காட்டி, இலை ஒவ்வொன்றிலிருந்தும் அதன் செம்மையைப் பறித்துவிடுகிறது.

இரு படங்கள்

முதலில் ‘ஓடையில் ஒரு மடு’ என்னும் படம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பாண்ட் புருக் என்னும் ஓடையில் 1953 அக்டோபர் 4ஆம் நாள் எடுக்கப்பெற்றது. இதில் மரம் இல்லை, வானம் இல்லை, கரையும் பெயரளவிற்கே. இருண்ட நீர் மட்டும் படத்தை நிறைக்கிறது. அதன்மேல் உதிர்ந்த இலைகள் அங்கும் இங்குமாகக் கிடக்கின்றன. ஆயினும் மரமும் வானமும் படத்துள் இருக்கவே செய்கின்றன. நீர் அவற்றைப் பிரதிபலித்துப் பொன்னாகவும் நீலமாகவும் காட்டுகிறது. தலைக்குமேல் எரியும் மரக்கூட்டத்தை நேரே காட்டாமல், ஓடையின் கருமையில் தோய்த்து, பாதி அணைத்துக் காட்டுகிறார் கலைஞர். பார்ப்பவர் கண் முதலில் இலையில் நிற்கிறது. பிறகே நீருள் இறங்குகிறது. அதன்பின்னரே மேலே என்ன நிற்கிறது என்று உணர்கிறது. முதற்பார்வையிலேயே எல்லாம் கிடைத்துவிடும் படம் அன்று இது.

இந்நீலமும் கவனிக்கத்தக்கது. நிழலில் எடுக்கும் வண்ணப் படங்களில் வானத்தின் நீலம் படிந்து தோன்றுதல் இயல்பு. அதனைப் பிழையென்று கருதி வடிகட்டிக் கண்ணாடியால் நீக்குவாரும் உளர். போர்ட்டர் நீக்காமல் விட்டதனால் பொன்னிறம் எழுந்து நிற்கிறது.

இரண்டாவது, மூன்றாண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் பாசக்கானவே சாலையருகில் 1956 அக்டோபர் 7ஆம் நாள் எடுக்கப்பெற்ற படம். மேப்பிள், பிர்ச் மரங்களின் மெல்லிய அடிமரங்கள் நெருங்கி நிற்கின்றன. வெண்மையும் சாம்பலுமாக அவை மேலிருந்து கீழாகக் கோடிடுகின்றன. இடையே ஓக் இலைகளின் செம்மை. அடிமரங்களுக்கு உச்சி இல்லை, வேர் இல்லை. படத்தின் ஓரம் அவற்றை வெட்டிவிடுகிறது. வானமும் அடிவானமும் இல்லாமையால் தொலைவு இன்னதென்று அளவிட இயலாது. கைநீட்டித் தொடும் தூரத்தில் காடு நிற்பது போன்ற உணர்வு உண்டாகிறது. இத்தகைய படங்களுக்குப் பின்னாளில் ‘அணுக்க நிலக்காட்சிகள்’ என்ற பெயர் வழங்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் 1979இல் அப்பெயராலேயே அவருக்குக் காட்சி நடத்திற்று. தனியொருவரின் வண்ண நிழற்படங்களுக்கென அக்கூடம் நடத்திய முதற்காட்சி அதுவே.

எல்லாப் படங்களும் இவ்வளவு தேர்ந்தவை என்று கூறுதல் நடுவுநிலையாகாது. டென்னசி மாநிலத்தின் புகைமலைக் காட்டில் 1967இல் எடுத்த படமொன்றில் பல நிற மரங்கள் படம் முழுதும் நிறைந்து நிற்கின்றன. வானம் இல்லை என்பதொன்று தவிர, அதனை நாட்காட்டியிலிருந்து வேறுபடுத்துவது எளிதன்று. நிறத்தின் மிகுதி அங்கே கலைஞரையும் சற்று இழுத்துச் சென்றுவிட்டது போலும்.

தோரோ கண்ட கனவு

போர்ட்டரின் துணைவியார் ஆலின் ஓர் ஓவியர். கணவருடைய படங்கள் ஹென்றி டேவிட் தோரோவின் எழுத்தை நினைவூட்டுகின்றன என்று அவர் கூறியதே ஒரு பெரும்பணிக்கு வித்தாயிற்று. போர்ட்டர் தோரோவின் நூல்களை ஆண்டுக்கணக்கில் பயின்று, படத்திற்கேற்ற பகுதியும் பகுதிக்கேற்ற படமுமாகத் தேர்ந்தார். வண்ண அச்சுச் செலவிற்கு அஞ்சிப் பதிப்பாளர் சிலர் தயங்கினர். இறுதியில் சியரா கிளப் என்னும் இயற்கைக் காப்பு இயக்கம் டேவிட் புரோவர் முயற்சியால் 1962இல் அதனை வெளியிட்டது. ‘காட்டியல்பிலேயே உலகின் காப்பு உளது’ என்பது தோரோவிடமிருந்தே எடுத்த தலைப்பு. விலை 25 டாலர். அக்காலத்திற்கு மிகப் பெரிய விலை. ஐந்தாண்டுகளில் மலிவுப் பதிப்பும் வந்து பல இல்லங்களை அடைந்தது. பருவங்களின் வரிசையில் அமைந்த அந்நூலில் இலையுதிர் காலம் நான்கில் ஒன்றாகவே நிற்கிறது, முடிசூடி நிற்கவில்லை.

அந்த ஆண்டு தோரோ மறைந்த நூற்றாண்டு. அவர் 1862 மே திங்களில் மறைந்தார். அக்டோபரில் ‘அட்லாண்டிக்’ திங்களிதழில் ‘இலையுதிர்கால வண்ணங்கள்’ என்ற அவருடைய கட்டுரை வெளிவந்தது. வருணனை எழுதக் கற்பிப்போர் படிக்கத்தக்க கட்டுரை அது. மரங்கள் அழகாயிருந்தன என்று அவர் எழுதவில்லை. ஊதாநிறப் புற்கள், செம்மேப்பிள், எல்ம், உதிர்ந்த இலைகள், சர்க்கரை மேப்பிள், கடைசியில் செவ்வோக் என்று, நிறமேறும் முறைப்படி ஒவ்வொன்றையும் பெயர் கூறிப் பார்க்கிறார். செவ்வோக்கைக் கூறுமிடத்தில் நிறத்தை விட்டு இலையின் வடிவத்தைப் பற்றியே நெடிது எழுதுகிறார். அக்கட்டுரையில் தம் பழைய ஆசையொன்றையும் அவர் குறிப்பிடுகிறார். நிறம் மாறும் மரம், புதர், பூண்டு ஒவ்வொன்றிலிருந்தும், பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் இடைநிலையில் நிறம் முதிர்ந்த இலை ஒன்றை எடுத்து, அதன் ஓரக்கோட்டை வரைந்து, உள்ள நிறத்தை உள்ளபடி தீட்டி ஒரு நூலாக்க வேண்டும் என்பது அவ்வாசை. இலைகளையே கெடாமல் வைக்க முடிந்தால் இன்னும் நன்று என்பதும் அவர் எண்ணம். அந்நூல் உருவாகவில்லை.

போர்ட்டரின் நூல் அக்கனவின் நிறைவு என்று புகழ்வோர் உண்டு. முழுவதும் அவ்வாறன்று. தோரோ விரும்பியது இலையின் வரலாற்றேடு. போர்ட்டர் செய்தது தேர்ந்தெடுத்த காட்சிகள். ஆயினும் உள்ள நிறத்தை உள்ளபடி என்ற அந்தச் சொல் இருவரையும் பிணைக்கிறது. அச்சொல் எவ்வளவு சிக்கலானது என்பது படம் அச்சாகும் அறைக்குள் நுழைந்தால் விளங்கும்.

போர்ட்டர் தம் படங்களைச் சாயப்பெயர்ப்பு முறையில் தாமே அச்சிட்டார். வண்ணப் படலத்தைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே மூன்று கறுப்பு வெள்ளை எதிர்ப்படங்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றிலிருந்து மேடுபள்ளமுடைய மூன்று ஜெலட்டின் அச்சுகள் செய்ய வேண்டும். ஒன்றை மயில்நீலச் சாயத்திலும், ஒன்றைக் கருஞ்சிவப்பிலும், ஒன்றை மஞ்சளிலும் தோய்த்து, ஒரே தாளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக, மயிரிழையும் பிசகாமல் அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு படத்திற்குப் பல நாள் உழைப்பு. இம்முறையில் அச்சிடுவோர் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலும். இன்றைய கணினியில் விரலால் இழுத்துச் செய்யும் அந்தச் செயலை அவர் சாயத்தாலும் புளிக்காடியாலும் செய்ய வல்லவராயிருந்தார்.

எனவே, அக்காலக் கருவிக்கு அவ்வளவுதான் ஆற்றல், ஆதலால் படம் அடங்கியிருந்தது என்னும் வாதம் நில்லாது. நிறத்தைக் கொட்டும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது, கொட்டவில்லை. மறுபுறம், அவர் படங்கள் கைபடாத உண்மை என்று போற்றுவதும் தவறு. எவ்வளவு சிவப்பு என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் நின்று முடிவு செய்தார். உள்ளபடி என்பது கருவி தருவதன்று. ஓடைக்கரையில் தாம் கண்டதை நினைவில் வைத்துக்கொண்டவர், இருட்டறையில் அந்நினைவோடு ஒப்பிட்டுத் தேர்ந்தது. படம் நினைவை விழுங்கிவிடும் இன்றைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. போர்ட்டர் மறைந்த 1990ஆம் ஆண்டிலேயே மிகு வண்ணம் தரும் வெல்வியா என்னும் படலத்தை ஜப்பானியக் கம்பெனி ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அது இயற்கைப் படக்கலைஞரிடையே பெருவழக்காகியதும் தற்செயலே ஆயினும் நினைக்கத்தக்கன.

முதலும் கருவும் உரியும்

போர்ட்டர் தம் படங்களுக்குத் தலைப்பிடும் முறையைத் தமிழாசிரியர்கள் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ‘பொன்மயமான மாலை’, ‘இயற்கையின் சிரிப்பு’ என்பன போன்ற தலைப்புகள் அவரிடம் இல்லை. இன்ன மரம், இன்ன ஊர், இன்ன மாநிலம், இன்ன திங்கள், இன்ன நாள், இவ்வளவே. ஆய்வுக்கூடத்துக் குறிப்பேடு போல. தமிழ் மரபில் கூறின், நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் தலைப்பில் நிற்கிறது. மரமும் நீருமாகிய கருப்பொருள் படத்தில் நிற்கிறது. உரிப்பொருள் எங்கே?

சங்கப் புலவர் கருப்பொருளை மட்டும் எடுத்துக் கூறி, உள்ளத்து நிகழ்ச்சியைக் கற்பார் உய்த்துணர விட்டுவிடுவர். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் வகுக்கும் அளவிற்கு அந்நெறி தமிழில் வளர்ந்தது. போர்ட்டரின் மடுவைப் பார்த்து, இதுவும் உள்ளுறையே என்று கூறத் தோன்றும். ஆனால் உள்ளுறையில் சொல்லாமல் விடப்பட்ட மனிதர் பாட்டின் மறுபுறத்தில் நிற்கிறார். போர்ட்டரின் காட்டிலோ மனிதர் மறுபுறத்திலும் இல்லை. அவருடைய அடக்கம், வானத்தையும் வெயிலையும் விலக்கியது போலவே, சாலையையும் வேலியையும் வீட்டையும் விலக்கிவிட்டது.

இது சிறிய குறையன்று. நியூ இங்கிலாந்தின் பெரும்பகுதிக் காடு மனிதர் கைபடாத தொல்காடு அன்று. குடியேறிய உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் அந்நிலத்தின் பெரும்பாகத்தை வெட்டி, வயலும் மேய்ச்சல் தரையுமாக்கினர். பின்பு மேற்கே நல்ல நிலம் கிடைத்தது; ஆலைகளில் வேலை கிடைத்தது. உழவர் பலர் நிலத்தைக் கைவிட, காடு மீண்டும் வளர்ந்தது. அவர்கள் கல்லைப் பொறுக்கி அடுக்கிய வேலிச் சுவர்கள் இன்றும் காட்டின் நடுவே காரணமின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைக் காடுகள் மரக் கம்பெனிகளால் வெட்டப்பட்டு, 1911ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டத்திற்குப் பின் அரசு நிலத்தை வாங்கிக் காக்கத் தொடங்கியபின் தழைத்தவை. படத்தில் வரும் அடிமரங்கள் மெல்லியனவாக இருப்பதற்கும் இத்தகைய வரலாறே காரணமாதல் கூடும். பாசக்கானவே என்பதும் வெறும் சாலைப் பெயரன்று; அந்நிலத்தின் பழங்குடித் தலைவர் ஒருவருடைய பெயர். தலைப்பில் அவர் இருக்கிறார். படத்தில் அவருக்கு இடமில்லை.

காட்டைக் காக்க வேண்டுமென்று மக்களை எழுப்பும் நோக்கம் அந்நூலுக்கு இருந்தது. அமெரிக்க நாட்டில் காட்டியல் நிலங்களைக் காக்கும் சட்டம் 1964இல் நிறைவேறியது. அதற்கான கிளர்ச்சிக் காலத்தில் பலர் கைகளில் இருந்த நூல் அது. மனிதர் இல்லாத காட்டைக் காட்டினால்தான் காக்கத் தோன்றும் என்று எண்ணியிருக்கலாம். ஆயினும் கைவிட்ட வயலில் காடு தானே மீண்டு வந்த வரலாறும் எழுச்சியூட்டக்கூடிய ஒன்றே. ஒரே ஒரு கல்வேலியைப் படத்தின் ஓரத்தில் விட்டிருந்தால், இலையின் செம்மை எவ்வளவு வேறு பொருள் பெற்றிருக்கும்! அடக்கம் விலக்குவதில் தொடங்குகிறது; எதை விலக்குவது என்பதில் கலைஞர் பிழைபட இடமுண்டு.

இக்குறையைச் சுட்டும்போது அவருடைய மற்றொரு படத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. போர்ட்டர் 1946 முதல் நியூ மெக்சிகோவில் சாண்டா பே நகரையடுத்த டெசுக்கே என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். அங்கே 1966 நவம்பர் 21ஆம் நாள், உறைபனி விழுந்தபின், ஓர் ஆப்பிள் மரத்தைப் படம் எடுத்தார். புகழ்பெற்ற நிறப்பருவம் முடிந்து நெடுநாளாயிற்று. எவரும் கருவியோடு புறப்படும் வேளையன்று. இலை உதிர்ந்துவிட்டது. பறிக்காமல் விட்ட பழங்கள் மட்டும் சாம்பல்நிறக் கிளைகளில் பனி பட்டுக் கன்றி, செம்மையும் பழுப்புமாகத் தொங்குகின்றன. உண்ணும் ஆப்பிள் அந்நாட்டுக் காட்டு மரமன்று. குடியேறியவர் கொண்டு வந்து நட்டு வளர்த்தது. இப்படத்திலும் மனிதர் தோன்றவில்லை. ஆயினும் இம்மரத்தை எவரோ நட்டிருக்கிறார், நீர் பாய்ச்சியிருக்கிறார், இவ்வாண்டு என்ன காரணத்தாலோ பறிக்க வரவில்லை.